ஓடுகிறவனும் நம்மவன், ரோட்டில் கிடக்கிறவனும் நம்மவன்

(வீரபாண்டியில் மில் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும், லாரி, ஜீப் டிரைவர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்றைக்கு நாம் பேச வந்திருப்பது கூலியைப் பற்றியோ போனஸைப் பற்றியோ அல்ல. நாம் தினமும் மிதித்து நடக்கிற இந்த ரோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற அம்மாமார்கள் பொழுது விடியுமுன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு களை பறிக்கவும், திராட்சைத் தோட்டத்துக்கும் நடந்து போகிறவர்கள். பின் வரிசையில் நிற்கிற தம்பிமார்கள் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு லாரி ஓட்டுகிறவர்கள். பல வீடுகளில் நடந்து போகிறவள் தாய், லாரி ஓட்டுகிறவன் அவள் பெற்ற மகன். ஆகவே இந்த விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசி கைதட்டு வாங்கிக்கொண்டு போக நமக்கு வழியில்லை. இரண்டு பக்கத்தையும் பேசித்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். வண்டியால் ஆளை அடித்துக் கொன்றுவிட்டு, போலீசுக்குச் சொல்லாமல் ஓடிப்போகிற டிரைவருக்குப் பத்து வருஷம் வரை ஜெயில் என்று மத்திய சர்க்கார் ஒரு ஷரத்து எழுதியது. இது சரியா, தப்பா? இதனால் ரோட்டில் சாகிறவர்கள் குறைவார்களா? நாம் என்ன கேட்கவேண்டும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தை உள்ளபடியே தெரிந்துகொள்ளவேண்டும். வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கவனக்குறைவால் ஒருவர் சாவுக்குக் காரணமானால் இரண்டு வருஷம் வரை சிறை. வண்டி மோதிய சாவுகளுக்கும் இதே பிரிவைத்தான் போட்டு வந்தார்கள். 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேரை இரு சபைகளிலும் சஸ்பெண்ட் செய்திருந்த அதே கூட்டத்தொடரில், பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதில் 106-வது பிரிவு. அதன் முதல் ஷரத்து இரண்டு வருஷத்தை ஐந்து வருஷம் ஆக்கியது. இரண்டாவது ஷரத்து, வண்டியை அஜாக்கிரதையாக ஓட்டிச் சாவை உண்டாக்கிவிட்டு, உடனே போலீஸ் அதிகாரிக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பி ஓடினால் பத்து வருஷம் வரை சிறையும் அபராதமும் என்றது.

2024 ஜனவரி முதல் தேதி வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார்கள். பெட்ரோல் பங்குகளில் கியூ நின்றது. இரண்டே நாளில், ஜனவரி 2 இரவு, மத்திய உள்துறைச் செயலாளர் மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரசை அழைத்துப் பேசி, உங்களைக் கலக்காமல் இந்த ஷரத்தை அமலாக்கமாட்டோம் என்று சொல்லவேண்டியதாயிற்று. பிப்ரவரியில் அறிவிக்கை போட்டார்கள். அந்த அறிவிக்கைப்படி 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது 106-ன் இரண்டாவது ஷரத்தை மட்டும் வெளியே நிறுத்தி வைத்தார்கள். அடித்து நீக்கவில்லை, நிறுத்தித்தான் வைத்தார்கள். ஐந்து வருஷ ஷரத்து அமலுக்கு வந்துவிட்டது. இதை டிரைவர் தோழர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் ஏழு லட்சம் ரூபாய் அபராதம் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் பரவியது. ஷரத்தில் அப்படி எந்தத் தொகையும் இல்லை. எதிராளியைத் திட்டுவதற்கும் உண்மையைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். பொய்யைத் தூக்கிக்கொண்டு போனால் பாதி வழியில் நம் தலையிலேயே விழும்.

ரோட்டில் கிடந்தவர்கள்

டிரைவர்கள் போராடினார்கள், சர்க்கார் பணிந்தது, வெற்றி என்று இங்கேயே முடித்துவிடலாமா? முடிக்கமுடியாது. கணக்கைப் பாருங்கள். மத்திய சர்க்காரின் சொந்தக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் ரோட்டு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் செத்தவர்கள் 30,486 பேர். ஒரு நாளைக்கு 83 பேர்! நடந்து போகும்போது செத்தவர்கள் மட்டும் 32,825 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்கு. இங்கே மட்டும் 17,884 உயிர்கள் போயின.

நடந்து போகிறவன் யார்? கார் வைத்திருப்பவன் நடந்து போவதில்லை. சைக்கிளில் நைட் ஷிப்டு முடிந்து வருகிற மில் தொழிலாளி, தோட்டத்துக்குப் போகிற கூலிப்பெண், ஆடு மேய்த்துத் திரும்புகிற கிழவர், இவர்கள்தான் நடக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஊரில் விடியற்காலை தோட்டத்துக்குப் போன ஒரு அம்மாவை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. இருட்டில் வாய்க்கால் ஓரம் கிடந்தவரைப் பால்காரர் பார்க்கும்போது வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அடித்த கணமே நிறுத்தித் தூக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த வீட்டுக்கு நாங்கள் போனபோது அவர் மகள் எங்களைக் கேட்டாள்: "அடிச்சதக்கூட மன்னிச்சிருவேன் மாமா. திரும்பிக்கூடப் பாக்காமப் போனானே, அத எப்படி மறக்க?"

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "டிரைவரும் தொழிலாளிதான் அம்மா" என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அது உண்மைதான், ஆனால் அந்த இடத்தில் அது பதில் ஆகாது. ஓடிப்போவது தப்பு. அதை நாம் மேடையில் நின்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லவேண்டும்.

ஏன் ஓடுகிறான்?

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில் எங்கள் அலுவலகக் கதவை ஒருவர் தட்டினார். திறந்தால் ஒரு லாரி டிரைவர். நமக்குத் தெரிந்த பையன். சட்டையெல்லாம் வியர்வை. "அண்ணே, ஒரு சைக்கிள்காரர அடிச்சுட்டேன். கூட்டம் வந்துரும்னு பயந்து வந்துட்டேன். என்னய எங்கயாவது ஒளிச்சு வைங்கண்ணே" என்று அழுதார். இரண்டு ராத்திரியாகத் தூங்காமல் ஓட்டியிருக்கிறார். நடைக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கு அழுகுவதற்குமுன் போய்ச் சேராவிட்டால் அந்தக் கூலியிலும் பிடித்தம். முதலாளிக்குப் போன் செய்தாராம். முதலாளி கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்பதுதான்.

நாங்கள் மூன்று பேர் அங்கே இருந்தோம். எங்களுக்குள்ளேயே தகராறு வந்துவிட்டது. ஒருவர், மலைக்கு மேலே அனுப்பி இரண்டு நாள் வைப்போம், சூடு தணியட்டும் என்றார். இன்னொருவர், அங்கே கிடக்கிறவன் நம் சங்கத்து ஆளாக இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. முதலில் 108-க்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னோம். அப்புறம் அந்தத் தம்பிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, இரண்டு பக்கமும் நாங்கள் நடக்க, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனோம். சைக்கிள்காரருக்குக் கால் போயிற்று, உயிர் போகவில்லை. டிரைவருக்கு வேலை போயிற்று. வக்கீல் செலவுக்கு முதலாளி ஒரு பைசா கொடுக்கவில்லை. மற்ற டிரைவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். நாங்கள் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறோம். ஆனால் அவர் எங்கள் கதவைத் தட்டாமல் வேறு எங்காவது போயிருந்தால், பத்து வருஷம் ஜெயில் என்ற பயம் அவரை ஸ்டேஷனுக்குத் தள்ளியிருக்குமா, இல்லை இன்னும் தூரமாக ஓட்டியிருக்குமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டிரைவர் ஓடுவதற்கு மூன்று பயம் காரணம். ஒன்று, கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற பயம். இரண்டு, போலீஸ் பயம். மூன்று, பிழைப்பு போய்விடும் என்ற பயம். இந்த மூன்றில் எதையும் புதிய ஷரத்து தொடவில்லை. நாலாவதாக ஒரு பயத்தைச் சேர்த்தது, அவ்வளவுதான்.

கூட்டத்தின் கோபம் என்பது கற்பனை அல்ல. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவே அதை ஒப்புக்கொள்கிறது. காயம்பட்டவரை டாக்டரிடம் கொண்டு போவது டிரைவரின் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தன் கைமீறிய காரணத்தாலோ முடியாவிட்டால் தவிர, என்று அதில் எழுதியிருக்கிறது. ஸ்டேஷனில் தகவல் சொல்ல 24 மணி நேரம் கெடுவும் கொடுத்திருக்கிறது. 106-ன் இரண்டாவது ஷரத்திலோ அந்த விதிவிலக்கு இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த ஷரத்தில் போலீஸ் வருகிறது, மாஜிஸ்திரேட் வருகிறார். ஆஸ்பத்திரி என்ற சொல்லே வரவில்லை! ரத்தத்தில் கிடக்கிற மனிதனைத் தூக்கு என்று அது சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல் என்றுதான் சொல்கிறது.

போலீஸ் பயமும் கற்பனை அல்ல. 2018 மார்ச் 7-ந்தேதி திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியை, டிராபிக் இன்ஸ்பெக்டர் ஒருவர் விரட்டிப்போய் வண்டியை எட்டி உதைத்தார். கீழே விழுந்த அந்தப் பெண் செத்துப்போனார். அந்த இன்ஸ்பெக்டரைப் பிற்பாடு கைது செய்தார்கள். ஹெல்மெட் போடாததற்கு அன்றைக்குச் சட்டம் வைத்திருந்த அபராதம் 100 ரூபாய். நிற்காமல் போனது தவறுதான். ஆனால் போலீஸ்காரரைக் கண்டால் உதவி என்ற நினைப்பு வராமல் உதை என்ற நினைப்பு வந்தால், எந்த ஏழை நின்று பதில் சொல்வான்?

யாருக்கு ஜெயில்?

கடுமையான தண்டனை வந்தால் எல்லாருக்கும் ஒன்றுபோல் பயம் வரும் என்கிறார்கள். பார்ப்போம். 1999 ஜனவரியில் டில்லி லோதி காலனியில் ஒரு பி.எம்.டபிள்யூ. கார் ஆறு பேரை அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போயிற்று. செத்தவர்களில் மூன்று பேர் போலீஸ்காரர்கள். ஓட்டியவர் பழைய கடற்படைத் தளபதி ஒருவரின் பேரன். வழக்கு 13 வருஷம் நடந்தது. சாட்சியைக் கலைக்கப் பார்த்தார் என்று அவர் பக்கத்து மூத்த வக்கீலே கோர்ட் அவமதிப்புக் குற்றவாளி ஆனார். கடைசியில் 2012-ல் சுப்ரீம் கோர்ட், ஏற்கெனவே உள்ளே இருந்த இரண்டு வருஷம் போதும், 50 லட்சம் ரூபாய் கட்டு, இரண்டு வருஷம் சமூக சேவை செய் என்று முடித்தது.

2024 மே 19-ல் புனாவில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் இரண்டு இளம் என்ஜினீயர்களைக் கொன்றது. அன்றைக்கே ஜாமீன்; அதற்கு ஒரு நிபந்தனை, 300 வார்த்தையில் கட்டுரை எழுதவேண்டும்! நாடே கொதித்த பிறகுதான் அது மாறிற்று. ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்று இரண்டு டாக்டர்களைப் போலீஸ் கைது செய்தது. நான்தான் ஓட்டினேன் என்று சொல்லும்படி வீட்டு டிரைவரை நெருக்கினார்கள் என்றும் குற்றம் சாட்டியது. கவனியுங்கள் தோழர்களே, அங்கேயும் பழியைத் தூக்கிச் சுமக்கத் தேடியது ஒரு டிரைவரின் தலையைத்தான். பத்து வருஷம் என்று எழுதினால் இப்படித் தலை தேடுகிறவர்கள் குறையமாட்டார்கள், கூடுவார்கள்.

சாவுக்கு முந்தின மணி நேரம்

சரி, உண்மையில் உயிரைக் காப்பாற்றுவது எது? அடிபடுவதற்கு முந்தின பத்து மணி நேரத்தைப் பாருங்கள். 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு ஓய்வு என்று அதில் இருந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கம்பெனிக்குத்தான் அது பொருந்தியது. ஒற்றை லாரி வைத்திருப்பவரிடம் ஓட்டியவனுக்கு அது இருக்கவில்லை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தையும் விழுங்கிவிட்டது.

ஐரோப்பிய நாடுகளில் பெரிய லாரிகளில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதை அது பதிந்துகொள்ளும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தவேண்டும். சாதாரணமாக நாளைக்கு 9 மணிக்குமேல் ஓட்டக்கூடாது. மீறினால் கம்பெனிக்கும் தண்டனை உண்டு. நம் ஊரில் இரண்டு ராத்திரி தூங்காதவனை ஓட்டச் சொன்ன முதலாளிக்கு 106-வது பிரிவில் எந்த ஷரத்து இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை நெல்மூட்டை போல ஜீப்பில் திணித்து, காலை கேட் நேரத்துக்குள் மலையேறு என்று விரட்டுகிறவர்களுக்கும் எதுவும் இல்லை. தண்டனை ஸ்டியரிங் பிடித்த கையோடு நின்றுவிடுகிறது.

செத்தவர் வீட்டுக்கு என்ன?

அடித்த வண்டி தெரியாமல் போனால் செத்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்பது 2022 ஏப்ரல் முதல் விதி. அதற்குமுன் வெறும் 25 ஆயிரமும் 12,500-ம்தான். இதைக்கூட வாங்கியவர்கள் சொற்பம். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், 2024 ஜனவரி 12-ல் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொல்லிற்று. இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் போலீசே குடும்பத்தாரிடம் சொல்லவேண்டும், தொகையை உயர்த்துவது பற்றி மத்திய சர்க்கார் யோசிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. முன்னே சொன்ன அந்த அம்மாவின் வீட்டாருக்கும் யாரும் சொல்லவில்லை. நாங்கள் மனு எழுதிக்கொண்டு போனால், அலுவலகத்தில் அந்த பாரத்தையே கண்டதில்லை என்றார்கள். ஏழு தடவை நடந்தோம்.

டிரைவர் தோழர்களே, இங்கேதான் உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. வண்டி தெரிந்தால், அந்தக் குடும்பம் கோர்ட்டில் கேட்கிற நஷ்ட ஈட்டைக் கொடுப்பது வண்டியின் இன்சூரன்ஸ். செத்தவரின் வருமானத்தையும் வயதையும் கணக்கிட்டு அது 2 லட்சத்துக்கு எவ்வளவோ மேலே போகும். லைசென்சும் இன்சூரன்சும் ஒழுங்காக இருந்தால் அந்தப் பணம் உங்கள் மடியிலிருந்து போகாது. நீங்கள் ஓடிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி தப்பித்துக்கொள்கிறது, செத்தவர் பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள். நீங்கள் யாரிடமிருந்து ஓடுகிறீர்கள், யாருக்கு லாபம் செய்துவிட்டு ஓடுகிறீர்கள் என்பதை யோசியுங்கள்.

நாம் கேட்பதும் செய்வதும்

நிறுத்தி வைத்த ஷரத்தை அப்படியே தூசி தட்டி எடுக்கக்கூடாது. கூட்டத்தின் ஆத்திரத்துக்கு அஞ்சி விலகியவனுக்கு 134-வது பிரிவில் உள்ள பாதுகாப்பும், 24 மணி நேரக் கெடுவும் இதிலும் வரவேண்டும். காயம்பட்டவரைக் காப்பாற்ற முயன்றவனுக்கும், விட்டுவிட்டு ஓடியவனுக்கும் சட்டம் வித்தியாசம் காட்டவேண்டும். ஓய்வில்லாமல் ஓட்டச் சொன்ன முதலாளியையும் கூண்டில் ஏற்றவேண்டும். ஒற்றை லாரி டிரைவருக்கும் மணிக்கணக்கு வேண்டும். நஷ்ட ஈட்டு மனுவைச் செத்தவர் வீட்டாரை அலையவிடாமல் போலீசே கோட்டாட்சியருக்கு அனுப்பவேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நடந்து வருகிற இந்த ரோட்டில், நடப்பவனுக்கு ஒரு ஓரமும் வெளிச்சமும் வேண்டும்.

இவையெல்லாம் சர்க்காரிடம் கேட்பவை. நாமே நாளைக் காலை முதல் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன.

விபத்தைக் கண்டால் டிரைவர் மேல் கை வைக்காதீர்கள். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அடிக்கப் போனால் குறுக்கே நில்லுங்கள். இன்றைக்கு நாம் அடிக்கிற ஒருவன், நாளைக்கு அடித்துவிட்டு ஓடப்போகிற பத்துப் பேரை உண்டாக்குகிறான். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். 108-க்குச் சொல்லி, காயம்பட்டவரை க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுங்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு சர்க்கார் கொண்டுவந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது. தூக்கிக்கொண்டு போனவரைப் பெயர் சொல், சாட்சிக்கு வா என்று வற்புறுத்தக்கூடாது என்று 134-ஏ பிரிவு சொல்கிறது. பயப்படவேண்டாம்.

டிரைவர் தோழர்களே, நிறுத்துங்கள். நிறுத்தமுடியாத இடமென்றால் அடுத்த ஸ்டேஷனில் போய் நில்லுங்கள்; போகிற வழியிலேயே 108-க்குச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்கள் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் கூட வருவோம். ஒளித்து வைக்கமாட்டோம், கைவிடவும் மாட்டோம்.

அந்த அம்மாவின் மகள் இன்றைக்கும் அதே பாதையில்தான் தோட்டத்துக்கு நடக்கிறாள். நாளைக் காலையில் லாரியை எடுக்கிற தம்பிமார்கள் அந்த வளைவில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.